கேம் கன்சோலை குளிர்ல எப்படி பத்திரமா வைக்கிறது?

கேள்வி: குளிர்காலத்துல மூணு மாசம் வீட்டைப் பூட்டிட்டு வெளியூர் போறோம் சார். ஹீட்டர் ஓடாது, உள்ளயே ஜீரோ டிகிரிக்குக் கீழ போயிடும். சோனி பிஎஸ்5, நின்டெண்டோ ஸ்விட்ச்னு ரெண்டு கேம் கன்சோல், கொஞ்சம் கேம் டிஸ்க் இருக்கு. பரண்ல தூக்கிப் போட்டுட்டுப் போனா கெட்டுப் போயிடுமா?

பதில்: பரண் வேண்டாங்க. பகல்ல சூடாகி ராத்திரி ஜில்லுன்னு ஆகுற இடம் அது, அப்படி ஏறி இறங்குற ஒவ்வொரு தடவையும் காத்துல இருக்கிற ஈரம் பொருள் மேல படியும். வீட்டுக்கு நடுவுல இருக்கிற ரூம்ல, தரையில படாம, வெளிச்சுவத்தை ஒட்டாம ஒரு அலமாரில வைங்க. ஆஃப் பண்ணி வச்ச கன்சோலை வெறும் குளிர் சீக்கிரத்துல ஒண்ணும் பண்ணிடாது, நீங்க கவலைப்பட வேண்டியது ஈரம், பேட்டரி இந்த ரெண்டைப் பத்தித்தான்.

டிரைவ்ல டிஸ்க் இருந்தா வெளிய எடுத்துடுங்க, ஒயரெல்லாம் கழட்டுங்க, தூசியைத் துடைச்சுட்டு நல்லா இறுக்கமா மூடுற பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலஞ்சு போட்டு மூடுங்க. அட்டைப்பெட்டி மட்டும்னா அதுவே ஈரத்தை இழுத்துக்கும்.

ஸ்விட்ச்சை விட்டுட்டுப் போகாதீங்க, கையோட எடுத்துட்டுப் போயிடுங்கன்னுதான் சொல்லுவேன், பையில எவ்ளோ இடம் பிடிச்சிடப் போகுது. முடியலைன்னா பாதி சார்ஜ்ல வச்சு, ஸ்லீப்ல விடாம பவர் பட்டனை மூணு செகண்ட் அழுத்திப் பிடிச்சு மெனுல போய் முழுசா ஆஃப் பண்ணுங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது சார்ஜ் போடணும்னு நின்டெண்டோவே சொல்லுது, சுத்தமா இறங்கிப் போன லித்தியம் பேட்டரி அப்புறம் சார்ஜே ஏறாம போயிடலாம். கேம் கார்டுல சேவ் (எது வரைக்கும் விளையாடியிருக்கோம்ங்கிற பதிவு) இருக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஸ்விட்ச்ல அது கன்சோலோட மெமரிலதான் இருக்கு, அதனால கிளவுட் வசதி இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடி ஏத்திடுங்க. பென்சில் பேட்டரி போடுற கன்ட்ரோலர் இருந்தா அந்த பேட்டரியைக் கழட்டி வைங்க, ஒழுகுச்சுன்னா உள்ள இருக்கிற தகடெல்லாம் அரிச்சுடும்.

இதையெல்லாம் சரியா பண்ணிட்டு திரும்பி வந்த அன்னைக்கு கோட்டை விடுறவங்கதான் ஜாஸ்தி. ஹீட்டரைப் போட்டதும் டப்பாவைத் திறந்துடாதீங்க. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பாட்டில் வேர்க்கும்ல, அதே மாதிரி ஜில்லுன்னு இருக்கிற போர்டு மேலயும் டிஸ்க்கைப் படிக்கிற லென்ஸ் மேலயும் தண்ணி பூக்கும், அப்ப ஆன் பண்ணா ஷார்ட் ஆகிடலாம். டப்பா மூடியே இருந்தா அந்த ஈரம் டப்பாவுக்கு வெளியிலயே நின்னுடும். ஒரு ராத்திரி அப்படியே விடுங்க. பிஎஸ்5 ஓடுறதுக்கு சொல்லியிருக்கிற அளவே 5 டிகிரில இருந்து 35 டிகிரி வரைக்கும்தான். ஜீரோவுக்குக் கீழ இருக்கிற பேட்டரிக்கு சார்ஜ் போடவே போடாதீங்க, உள்ள லித்தியம் உலோகமா படிஞ்சிடும், அது திரும்ப சரியாகாது.

கேள்வி: பழைய கேம் பாய் (கையில வச்சு விளையாடுற நின்டெண்டோ கன்சோல்) கார்ட்ரிட்ஜ் வச்சிருக்கேன். குளிர்ல சேவ் அழிஞ்சிடுமா?

பதில்: நிறைய கேம் பாய் கார்ட்ரிட்ஜ்ல சேவைத் தாங்கிப் பிடிக்கிறது உள்ள இருக்கிற ஒரு சின்ன பட்டன் பேட்டரிதான், அது செத்தா சேவும் போச்சு. குளிர்ல வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும், ஏற்கனவே வயசான பேட்டரிக்கு அது போதும், அதனால அதுங்களைக் குளிர்ற வீட்டுல விடாம சூடான ரூம் இருக்கிற இடத்துல வைங்க. போகிமான் கோல்டு, சில்வர் கேம்கள்ல கடிகாரமும் அதே பேட்டரில ஓடுறதால சீக்கிரமே தீர்ந்துடும். ரூபி, சஃபையர் வேற மாதிரி, அதுல சேவ் பேட்டரி இல்லாமலே நிக்கிற ஃபிளாஷ் மெமரில இருக்கு, பேட்டரி போனா கடிகாரம் மட்டும்தான் நிக்கும். பேட்டரி மாத்தணும்னா சால்டரிங் தெரிஞ்சவங்க கிட்ட குடுங்க, முன்னாடியே சேவை கம்ப்யூட்டர்ல எடுத்து வைக்கச் சொல்லுங்க, ஏன்னா பழைய பேட்டரியைக் கழட்டுன உடனே சேவ் போயிடும்.

கேள்வி: டிஸ்க்கை எப்படி அடுக்குறது?

பதில்: அதோட கேஸ்ல போட்டு, புக் மாதிரி நிக்க வைங்க. ஒண்ணு மேல ஒண்ணா படுக்க வச்சு மேல வெயிட் ஏத்தாதீங்க.