ஏலத்தோட்ட ரோட்டுக்கு எந்தச் சக்கரம்? சைக்கிள் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, சாந்தன்பாறை பக்கம் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சொந்த ஊர் போடி. வயது 34, உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம், எடை 62 கிலோ. இப்போது இருப்பது 26 அங்குலச் சக்கரம், முன்னால் மட்டும் ஷாக். தோட்டத்து ஜீப் ரோட்டில் ஓட்டிவிட்டு வந்தால் இடுப்பு விட்டுப்போகிறது. சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஷாக் வைத்த 29 வாங்க ஆசை. ‘உன் உயரத்துக்கு 29 ஆகாது, 27.5 எடு’ என்கிறார்கள் கூட்டாளிகள். என்ன செய்யட்டும்?
- வாசகர், சாந்தன்பாறை

பதில்: தம்பி, 29 எடுங்கள். உங்கள் உயரத்துக்குத் தாராளமாகப் பொருந்தும். ஒரே ஒரு சோதனையை மட்டும் கடையிலேயே செய்து பார்த்துவிடுங்கள். அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் சக்கரக் கணக்கு. ரிம்மில் டயர் உட்காரும் இடத்து விட்டம் 26க்கு 559 மில்லிமீட்டர், 27.5க்கு 584, 29க்கு 622. பெயரைப் பார்த்தால் 27.5 நட்டநடுவில் இருப்பதுபோலத் தோன்றும். அளவில் அது 26க்குத்தான் பக்கம். 26 ஓட்டிப் பழகிய நீங்கள் 27.5க்கு மாறினால் பெரிய வித்தியாசம் தெரியாது. இவ்வளவு பணம் போடுவது வித்தியாசம் தெரியத்தானே?

உங்கள் பக்கத்து ரோட்டை நினைத்துப் பாருங்கள். ஜீப் டயர் இரண்டு பக்கமும் பள்ளம் பறித்திருக்கும், நடுவில் புல் திட்டு. பள்ளத்துக்குள் தேங்காய் அளவு உருட்டுக்கல், கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் குழி. சின்னச் சக்கரம் அந்தக் குழிக்குள் இறங்கி அடுத்த கல்லில் முட்டி ஏறும். பெரிய சக்கரம் அவ்வளவு ஆழத்துக்கு இறங்காது, கல்லில் மோதும் கோணமும் குறைவு. இடுப்புக்கு வந்து சேரும் அடியில் ஒரு பங்கை ஷாக் வேலை செய்வதற்கு முன்பே சக்கரம் வாங்கிக்கொள்கிறது. எண்ணெய், சீல், பேரிங் என்று எதுவும் கேட்காத சஸ்பென்ஷன் அது. பட்டறையிலிருந்து தொலைவில், மலைமேல் இருக்கிற ஆளுக்கு இதை முதலில் சொல்கிறேன்.

அடுத்து உயரம். சக்கரம் பெரிதானால் நாமும் உயரத்தில் உட்கார வேண்டியிருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 29 வண்டியில் பெடல் அச்சு, சக்கர அச்சுகளைவிட மூன்று சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கும்படி ஃப்ரேமைச் செய்கிறார்கள். பழைய 26 வண்டிகளில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். இதில் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இறங்கி உட்கார்ந்த மாதிரி இருக்கும். உங்கள் உயரத்துக்குப் பெரும்பாலும் ஸ்மால் சைஸ் வரும், சில கம்பெனிகளில் மீடியம். கால் இரண்டையும் தரையில் ஊன்றி நிற்கும்போது மேல் கம்பி தொடை இடுக்கில் முட்டாமல் இருக்க வேண்டும்.

உயரம் குறைந்தவர்களுக்கு உண்மையான சிக்கல் பின்சக்கரத்தில். செங்குத்தாக இறங்கும்போது சீட்டைத் தாழ்த்திவிட்டு, உடம்பைப் பின்னால் தள்ளி நிற்போம். அப்போது ஷாக் முழுக்க அமுங்கினால் பெரிய பின்டயர் மேலே வந்து கால்சட்டையைத் தொட்டுவிடும். இதற்குத்தான் சோதனை. கடைக்காரரிடம் பின் ஷாக்கில் காற்றை முழுதாக இறக்கச் சொல்லுங்கள். சீட்டை அடிமட்டத்துக்குத் தாழ்த்துங்கள். இரண்டு பேர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் பெடலில் நின்று பின்னால் சரியுங்கள். ஒரு கை நுழையும் இடைவெளி இருந்தால் வாங்கலாம். டயர் தொட்டால், முன்னால் 29, பின்னால் 27.5 என்று கம்பெனியே செய்து தரும் வண்டியைப் பாருங்கள். 29க்குச் செய்த ஃப்ரேமில் நீங்களாக ஒரு 27.5 பின்சக்கரத்தைக் கொண்டுவந்து மாட்டாதீர்கள். பெடல் இன்னும் தாழ்ந்து கல்லில் அடிக்கும். ஷாக்கில் திரும்பக் காற்றடிக்காமல் வண்டியை வெளியே எடுத்துவிடாதீர்கள்.

சஸ்பென்ஷன் எவ்வளவு வேண்டும், அதாவது சக்கரம் எவ்வளவு தூரம் அமுங்கி எழ வேண்டும்? பின்னால் 120 முதல் 130 மில்லிமீட்டர், முன்னால் 130 அல்லது 140. கடையில் 160 காட்டுவார்கள், பார்க்க கம்பீரமாக இருக்கும். ஆனால் நீங்கள் இறங்குகிற ஒவ்வொரு மீட்டரையும் மிதித்தே ஏற வேண்டிய ஆள். பூப்பாறையிலிருந்து மேலே திரும்பும்போது அந்த எடை முழுவதும் காலில் தெரியும்.

கியரில் ஏமாந்துவிடக் கூடாது. உங்கள் பழைய வண்டியில் முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 22 பல், பின்னால் பெரியதில் 34 பல் இருந்தால், ஒரு மிதி சுற்றுக்கு வண்டி சுமார் 1.34 மீட்டர் போகும். புதிய வண்டியில் முன்னால் ஒரே பல்சக்கரம்தான். 29 சக்கரத்துக்குச் சுற்றளவு கூட என்பதால் அதே லேசான மிதி வேண்டுமென்றால் முன் 30, பின் 51 இருக்க வேண்டும். அப்போது 1.35 மீட்டர், பழையதேதான். பெரும்பாலும் முன்னால் 32 போட்டு வரும், அதில் 1.44. விலை குறைந்த மாடல்களில் பின்னால் பெரியதே 46தான் இருக்கும். அங்கே முன் 30 போட்டாலும் ஒன்றரை மீட்டர். தோட்டத்து ஏற்றத்தில் அந்தப் பதினைந்து சென்டிமீட்டர் ஒவ்வொரு மிதியிலும் முழங்காலைப் பிடிக்கும். வாங்கும்போதே 30 பல்லுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். சின்ன செலவு.

அப்புறம் காற்று ஷாக்கை உங்கள் எடைக்கு வைப்பது. பாதிப் பேர் இதைச் செய்யாமல் வண்டியைக் குறை சொல்கிறார்கள். ஷாக்குக்கென்று தனிப் பம்பு உண்டு, டயர் பம்பு ஆகாது. வேலைக்குப் போகிற உடையோடு, முதுகில் பையும் தண்ணீரும் மாட்டிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி ஏறி உட்காருங்கள். ஷாக்கின் பளபளத் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதை மேலே சீலோடு ஒட்டித் தள்ளிவிட்டு, குலுக்காமல் இறங்குங்கள். வளையம் எவ்வளவு நகர்ந்து நிற்கிறது என்று ஸ்கேலால் அளக்க வேண்டும். தண்டின் ஓட்டம் (முழுக்க அமுங்கும்போது அது உள்ளே போகும் தூரம்) 50 மில்லிமீட்டர் என்றால் வளையம் 13 முதல் 15 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கலாம். குறைவாக இருந்தால் காற்றை இறக்குங்கள், கூடினால் ஏற்றுங்கள். முன் ஷாக்கான ஃபோர்க்குக்கு அதன் ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு போதும். 62 கிலோ ஆளுக்குக் கடையில் அடித்து வைத்திருக்கும் காற்று அநேகமாக அதிகமாகவே இருக்கும்.

கடைசியாக, கியரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு. ஏலச்செடித் தூரில் கியர் ஒரு தட்டுத் தட்டினால் முதலில் வளைவது அதுதான். வளைவதற்கென்றே வைத்திருப்பதும் அதுதான். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வேறுபடும். வண்டி வாங்கும் அன்றே இரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக 2019இல் வந்த யுடிஎச் வகை ஹேங்கர் உள்ள ஃப்ரேம் கிடைத்தால் இன்னும் நல்லது, நாளைக்கும் கிடைக்கும். கொச்சியில் வாங்குவதா கோயம்புத்தூரில் வாங்குவதா என்பதையும் விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஷாக்கைப் பிரித்துச் சீல் மாற்றும் ஆள் எந்தக் கடையில் இருக்கிறாரோ அங்கே வாங்குங்கள்.

கேள்வி: 29 என்பதே கம்பெனிக்காரர்கள் கிளப்பிவிட்ட மோகம் என்கிறாரே எங்கள் ஊர் மெக்கானிக்?
- வாசகர், குமுளி

பதில்: தொடக்கத்தில் நிறையப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். மலைக்கேற்ற தடிமனில் முறையான 29 டயர் வந்தது 1999இல். பிறகும் பல வருஷம் பந்தயக்காரர்கள் 26ஐ விடவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவி இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள 29இல் தங்கம் வென்றார். 27.5 ஓட்டிய சுவிஸ் வீரர் நினோ ஷுர்ட்டருக்கு வெள்ளி. செங்குத்து இறக்கப் பந்தயத்துக்கு 29 ஆகவே ஆகாது என்றிருந்த பேச்சும் 2017இல் அடங்கியது. அந்த வருஷம் ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் உலகக் கோப்பையில் கிரெக் மின்னார் 29இல் ஜெயித்தார். அவர் ஆறடிக்கு மேல் உயரம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் மெக்கானிக் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. பெரிய சக்கரத்துக்கு எடை கூடுதல், நின்ற இடத்திலிருந்து கிளம்ப மெதுவாக இருக்கும். போக்ஸ் கம்பி நீளமாவதால் பக்கவாட்டில் வளையும். அதற்காகத்தான் பின்சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்பை 148 மில்லிமீட்டருக்கு அகலமாக்கினார்கள். வாங்கும் வண்டியில் அந்த அகலமும், தடித்த அச்சுத் தண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய 135 ஹப்பில் 29 சக்கரம் கோத்த வண்டி மலிவாகக் கிடைத்தாலும் மலைக்கு வேண்டாம்.

கேள்வி: தம்பி, காலேஜ் போகும் என் மகன் ‘டபுள் ஷாக்’ வண்டிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். 18,000 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கித் தரலாமா?
- வாசகி, உத்தமபாளையம்

பதில்: வேண்டாம் அம்மா. கடையில் அந்த வண்டியின் சீட்டை மகனைவிட்டு அழுத்தி விடச் சொல்லுங்கள். அழுத்திய வேகத்திலேயே துள்ளி எழும். உள்ளே ஸ்பிரிங் மட்டும்தான் இருக்கிறது, அதை அடக்கும் எண்ணெய் அமைப்பு கிடையாது. மேட்டில் மிதித்தால் பாதி பலத்தை ஸ்பிரிங் தின்னும், இறக்கத்தில் பின்சக்கரம் குதிக்கும். இணைப்புகளில் பேரிங்குக்குப் பதில் பிளாஸ்டிக் புஷ் இருக்கும், சீக்கிரம் லொடலொடக்கும். எடை 18 கிலோவைத் தொடும்.

உருப்படியான இரட்டை சஸ்பென்ஷன் வண்டிக்கு லட்சத்தைத் தாண்ட வேண்டும். உங்கள் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் முன் ஷாக் மட்டும் உள்ள, ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வைத்த 29 கிடைக்கும். மகனுக்குக் கோபம் வரும். கம்பம் மெட்டு ஏறி இறங்கி வந்தால் தணிந்துவிடும். ஹெல்மெட்டையும் அதே பில்லில் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: கம்பத்தில் டயருக்கு அளந்து காற்றடித்துவிட்டு மலை ஏறினால், மேலே காற்றழுத்தம் குறைவதால் டயர் இறுகிவிடுமா?
- ஆசிரியை, வண்டிப்பெரியாறு

பதில்: நல்ல கேள்வி டீச்சர், வகுப்பிலும் கேட்கலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து, கேஜில் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். ஆனால் கம்பத்து 35 டிகிரி வெயிலில் அடித்த காற்று மேலே 18 டிகிரிக்குக் குளிர்ந்தால் இரண்டு பிஎஸ்ஐ குறையும். ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும். 2.4 அங்குல டயரில் முன்னால் 22, பின்னால் 25 என்று வைத்துக்கொண்டு நிம்மதியாக ஏறுங்கள்.

கேள்வி: ஜூன் பிறந்தால் எங்களுக்கு மழை ஓயாது. ஷாக் வண்டியை எப்படிப் பராமரிப்பது? பிரேக் கட்டை மாதக் கணக்கில்கூடத் தாங்குவதில்லை.
- வாசகர், நெடுங்கண்டம்

பதில்: பிரேக்கிலிருந்து தொடங்குவோம். வண்டியோடு வருவது பெரும்பாலும் ரெசின் பேட், அதாவது பிசின் கலந்த பிரேக் கட்டை. ஈர மண் அரைத்தால் அது மளமளவென்று தேயும். உலோகப் பேட் போடுங்கள், கொஞ்சம் கீச்சிடும், ஆனால் நின்று உழைக்கும். போடிமெட்டு மாதிரி நீண்ட இறக்கத்தில் சூட்டையும் தாங்கும். உங்கள் டிஸ்க் தட்டில் ‘ரெசின் மட்டும்’ என்று எழுதியிருந்தால் தட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

ஷாக்குக்கு எதிரி மழைத்தண்ணீர் அல்ல, வாட்டர்வாஷ் பம்பு. ஜீப் கழுவும் இடத்தில் அதே குழாயைச் சைக்கிளின் இணைப்புகளில் பிடித்தால் பேரிங்கிலிருக்கும் கிரீஸை நாமே வெளியேற்றுகிறோம். வாளித் தண்ணீர், பழைய துணி, மென்மையான பிரஷ் போதும். ஒவ்வொரு நாளும் ஓட்டி முடித்ததும் ஃபோர்க் தண்டையும் ஷாக் தண்டையும் துடைத்துவிடுங்கள். சீலின் உதட்டில் ஒட்டியிருக்கும் மண்தான் தண்டில் கீறல் போடும். ஆழமாகக் கீறினால் தண்டை மாற்றத்தான் வேண்டும். ஃபோர்க்கின் கீழ்ப்பகுதி எண்ணெயைச் சுமார் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உங்கள் மழைக்கு, ஜூனுக்கு முன் ஒன்று, மழை விட்டதும் ஒன்று கட்டாயம்.

கேள்வி: குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சைக்கிளில் ஏறலாமா அண்ணே? நண்பர்கள் சேர்ந்து கோடை விடுமுறையில் கிளம்புகிறோம்.
- வாசகர், தேனி

பதில்: கோடையில் வேண்டவே வேண்டாம். 2018 மார்ச்சில் அந்த மலைப்புல் பற்றியெரிந்து, நடைபயணம் போன 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போதைப்புல் என்கிற அந்த மலைப்புல் காய்ந்த சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்தை எந்த வண்டியாலும் தாண்ட முடியாது. மற்ற மாதங்களிலும் அது வனத்துறைப் பாதை. அனுமதிச் சீட்டு இல்லாமல் போகக் கூடாது. இந்தப் பக்கம் தமிழ்நாட்டு வனத்துறை, மேலே எல்லை தாண்டினால் கேரள வனத்துறை, இரண்டு இடத்திலும் சைக்கிளுக்கு என்று தனியாகக் கேளுங்கள். நடக்கத் தந்த அனுமதி சைக்கிளுக்குச் செல்லாது என்று திருப்பி அனுப்பலாம்.

விடுமுறை வீணாக வேண்டாம். போடியிலிருந்து போடிமெட்டு தார்ரோட்டில் விடிவதற்குள் ஏறத் தொடங்குங்கள். தோட்ட ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டு அதிகாலையிலேயே பறக்கும், வளைவுகளில் இடது ஓரத்தை விடாதீர்கள். மேலே பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் தோட்டத்துக்காரரிடம் கேட்டுவிட்டு ஜீப் ரோடுகளில் ஓட்டலாம். ஏலக்காய் எடுப்பு நடக்கிற பாத்திக்குள் மட்டும் சக்கரத்தை இறக்காதீர்கள். பூவும் காயும் தரையை ஒட்டித்தான் படர்ந்திருக்கும்.