டோக்கன் போட்ட உடனே எக்ஸ்பயர்ட்னு வந்தா சீக்ரெட் கீ மேல சந்தேகப்படாதீங்க

ஏற்காடு ஹோம்ஸ்டே புக்கிங் ஆப்ல ஒரு மணி நேரம் செல்லுபடியாகற ஜேடபிள்யூடி டோக்கன் (ஆள் யாருன்னு காட்டற டிஜிட்டல் சீட்டு) உங்க லேப்டாப்ல போட்ட உடனே எக்ஸ்பயர்ட்னு வருது, கிளவுட்ல ஏத்துனா ஒழுங்கா ஓடுதுங்கறீங்க, டோக்கன்ல கையெழுத்து போடற சீக்ரெட் கீயை வேற மூணு தடவை மாத்தியிருக்கீங்க, அது பாவம் ஒண்ணும் பண்ணலைங்க. கையெழுத்து தப்புன்னா, டோக்கனை உருவாக்கி சரிபார்க்கற பைத்தான் லைப்ரரியான பைஜேடபிள்யூடி வேற எரர் காட்டும்.

சிக்கல், யூடிசி (உலகப் பொது நேரம்) குடுக்கற யூடிசிநவ் பின்னாடி, நேரத்தை செகண்டா மாத்த நீங்க ஒட்டியிருக்கற டைம்ஸ்டாம்ப்ல தான். யூடிசிநவ் குடுக்கற நேரத்துல டைம்ஸோன் இருக்காது, டைம்ஸ்டாம்ப் அதை லோக்கல் டைம்னு நெனச்சுக்கும், லேப்டாப் இந்திய நேரத்துல இருக்கறதால 19800 செகண்ட், அதாவது அஞ்சரை மணி நேரம் பின்னாடி போயி டோக்கன் பொறக்கும்போதே செத்துருது. கிளவுட் மெஷின் யூடிசில ஓடுது போல, அதான் அங்க தெரியல. நானும் சேலத்துல ஒரு கடை பில்லிங்குக்கு இதே கூத்துல ஒரு ராத்திரி முழுக்க தொலைச்சேன், விடிஞ்சு அஞ்சு ரோட்டுல டீ குடிக்கறப்ப தான் அந்த அஞ்சரை உறைச்சுது.

டேட்டைம் நவ்ல டைம்ஸோன் யூடிசி குடுத்து, அதோட டைம்டெல்டாவால ஒரு மணி நேரம் கூட்டி, டோக்கன் முடியற நேரத்தை வெக்கற எக்ஸ்ப்ல அப்படியே போடுங்க, செகண்டா லைப்ரரியே மாத்திக்கும். லீவேயை (முடிஞ்ச டோக்கனுக்கு குடுக்கற சலுகை நேரம்) ஏத்தி சமாளிக்காதீங்க, அது கடிகாரம் கொஞ்சம் முன்னபின்ன இருந்தா தாங்கறதுக்கு.

அப்புறம் டோக்கனுக்குள்ள தகவல் இருக்கற பேலோடுல கெஸ்ட்டோட ஆதார் நம்பர் எதுக்குங்க? அது பூட்டு இல்லாத வெறும் பேஸ்64 எழுத்துமுறை, யாரு வேணா பிரிச்சுப் படிக்கலாம், தூக்கிருங்க.