காதில் குறும்பி அடைத்துக்கொண்டால் வீட்டிலேயே எடுக்கலாமா?

காதில் அடிக்கடி குறும்பி சேர்ந்து அடைத்துக்கொள்கிறது, அதை வீட்டிலேயே ஆபத்தில்லாமல் எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். குளித்து முடித்ததும் தவறாமல் பட்ஸால் காதைக் குடைந்துகொண்டிருந்தவன். ஒரு நாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தபோது வலது காது முழுவதுமாக அடைத்துக்கொள்ள, அதன் பிறகே விவரம் தெரிந்துகொண்டவன்.

அன்று என்னைப் பரிசோதித்த காது மூக்கு தொண்டை மருத்துவர், நான் இத்தனை நாளும் குறும்பியை எடுக்கவில்லை, உள்ளே தள்ளி இடித்துக் கெட்டியாக்கியிருக்கிறேன் என்றார். பெரியவர்களுக்குச் செவிக்குழாய் சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். குறும்பி சுரப்பதோ அதன் வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில்தான். செவிப்பறையிலிருந்து வெளிப்புறம் நோக்கித் தோல் மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதாலும், மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவதாலும், பழைய குறும்பி தானாகவே காதுத் துளையின் வாசல் வரை வந்து உதிர்ந்துவிடும். ஆழத்தில் குறும்பி இருக்கிறது என்றால் பெரும்பாலும் நாம்தான் அதை அங்கே கொண்டு சேர்த்திருக்கிறோம். தண்ணீர் பட்டதும் அது ஊறி உப்பிவிடும் என்பதால்தான் பலருக்கும் குளித்தவுடன் காது அடைக்கிறது.

குறும்பி அழுக்கு அன்று. தோலை வறளவிடாமல் காத்து, தூசியையும் கிருமிகளையும் தடுப்பது அதன் வேலை. ஆகவே அடைப்பு, காது மந்தம், வலி, இரைச்சல் போன்ற தொல்லை எதுவும் இல்லையென்றால் அதை எடுக்கவே தேவையில்லை.

தொல்லை இருந்தால் முதலில் அதை இளக்க வேண்டும். ஒருக்களித்துப் படுத்து, ஆலிவ் எண்ணெயையோ மருந்துக்கடையில் கிடைக்கும் குறும்பி இளக்கும் சொட்டு மருந்தையோ இரண்டு மூன்று சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். நாளைக்கு இரண்டு மூன்று முறை வீதம் நான்கைந்து நாள் செய்தால் பலருக்கு அதுவே போதும். எண்ணெயைக் காய்ச்சி ஊற்றக் கூடாது. முதல் ஓரிரு நாளில் அடைப்பு கூடியதுபோலத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது, பயந்துபோய் மறுபடியும் பட்ஸைத் தேடினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்கள், காதில் குழாய் பொருத்தியிருப்பவர்கள், காதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், சீழோ வலியோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் காதுக்குள் விடக் கூடாது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும் இவர்களுக்கு ஆகாது. கழுவலாம் என்று சொல்லப்பட்டவர்களுக்கும் தண்ணீர் உடல் சூட்டில், அதாவது 37 டிகிரி செல்சியஸ் அளவில், இருக்க வேண்டும். அதைவிடக் குளிர்ந்தாலும் சூடானாலும் உட்செவியின் சமநிலை உறுப்பு தூண்டப்பட்டுத் தலை சுற்றும். சர்க்கரை நோயாளிகளுக்கு இப்படிக் கழுவுவதால் தொற்று வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் மருத்துவரிடம் போவதே நல்லது.

ஹேர்பின், சாவி, கேமரா வைத்த காது குடையும் கரண்டி ஆகியவற்றையெல்லாம் ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம். காதில் செருகிக் கொளுத்தும் காது மெழுகுவத்தி குறும்பியை உறிஞ்சுவதில்லை; எரிந்த பிறகு அடியில் தேங்கியிருப்பது அந்த மெழுகுவத்தியின் மெழுகுதான், தீக்காயம் வேண்டுமானால் மிஞ்சும்.

சொட்டு மருந்தில் சரியாகாவிட்டால் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்தபடியே சிறு குழாயால் உறிஞ்சி எடுப்பார். சத்தம் பெரிதாகக் கேட்கும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். காது கேட்கும் கருவி அணிபவர்களுக்குக் குறும்பி வெளியேறும் வழியை அந்தக் கருவியே மறிப்பதால், அவர்கள் அடைப்பு வரும்வரை காத்திராமல் அவ்வப்போது காட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு காது திடீரென்று, ஒரே நாளிலோ இரண்டு மூன்று நாளிலோ, கேட்காமல் போனால் அதைக் குறும்பி என்று நீங்களே முடிவு செய்து சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அது உட்செவியின் பாதிப்பாக இருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரங்களுக்குள், முடிந்தவரை சீக்கிரமாக, தொடங்க வேண்டியிருக்கும். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.