வாசகர் கேள்வி பதில்: ஆழ்கடல் நீரோட்டம் மாறுகிறதா, எப்படித் தெரியும்?

அட்லாண்டிக் கடலின் ஆழ்நீரோட்டம் வலுவிழக்கிறது என்ற செய்தியைப் படித்துவிட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். கேள்விகள் பல விதம், ஆனால் எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: கண்ணுக்கே தெரியாத ஆழத்தில் ஓடும் நீர் கூடுகிறது, குறைகிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்? இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: மேலே காற்று, அலை எல்லாம் இருக்கிறது, சரி. நாலு கிலோமீட்டர் ஆழத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட அசையாமல்தானே கிடக்கும்? அங்கே மாறுவதற்கு என்ன இருக்கிறது?

பதில்: 1950கள் வரை கடலியலாளர்கள் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். துருவங்களுக்குப் பக்கத்தில் குளிர்ந்து கனத்த நீர் கீழே இறங்கி அடியில் பரவுகிறது என்பது தெரியும், ஆனால் அந்த நகர்வு வினாடிக்குச் சில மில்லிமீட்டர்தான் இருக்கும், அதுவும் ஒரே சீராக இருக்கும் என்று கணித்திருந்தார்கள். 1955ல் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் ஸ்வாலோ சாரம் கட்டும் அலுமினியக் குழாய்களை எடுத்து ஒரு மிதவை செய்தார். அந்தக் குழாய் கடல்நீரை விடக் குறைவாகவே அமுங்கும், அதனால் கீழே போகப் போக நீரின் அடர்த்தி கூடுகிற அளவுக்குக் குழாயின் அடர்த்தி கூடாது, எங்கே இரண்டும் சமமாகிறதோ அந்த ஆழத்தில் நின்று நீர் போகிற பக்கமே போகும். உள்ளே ஒலி எழுப்பும் கருவி இருக்கும், கப்பல் அதைக் கேட்டுக்கொண்டே பின்னால் போகும். 1957ல் இந்த மிதவையைக் கொண்டுதான் கல்ஃப் ஸ்ட்ரீமுக்கு (அமெரிக்கக் கிழக்குக் கரையை ஒட்டி வடக்கே ஓடும் வெப்ப நீரோட்டம்) அடியில் எதிர்த்திசையில், தெற்கு நோக்கி ஓடும் நீரோட்டம் ஒன்றைப் பிடித்தார்கள். அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கடலியலாளர் ஹென்றி ஸ்டோமெல் முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி 1959-60ல். ஆரீஸ் என்ற பாய்மரக் கப்பலில் இருந்து பெர்முடாவுக்குப் பக்கத்தில் இதே மிதவைகளை ஆழத்தில் விட்டார்கள். மெதுவாக நகரும், பல வாரம் பொறுமையாகப் பின்தொடரலாம் என்பது திட்டம். ஆனால் எதிர்பார்த்ததை விடச் சுமார் பத்து மடங்கு வேகத்தில் ஓடின, சில வாரங்களில் திசையை மாற்றின, அருகருகே விட்டவை கூட வெவ்வேறு பக்கம் போயின. கடலுக்குள் நூறு கிலோமீட்டர் அளவில் சுழிகள் இருக்கின்றன, அவை ஆழம் வரை நீரை அங்குமிங்கும் தள்ளுகின்றன என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது. ஆழ்நீரோட்டத்தை ஒருமுறை அளந்தால் போதும் என்ற எண்ணமும் அங்கேயே முடிந்தது, என்னைக் கேட்டால் கடலியலில் நடந்த மிகப் பெரிய திருப்பங்களில் அது ஒன்று.

கேள்வி: அந்த ஆழத்தில் கருவியை எப்படி நிறுத்தி வைக்கிறார்கள்? யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

பதில்: யாரும் பார்ப்பதில்லை, அதுதான் சிரமமே. மூரிங் என்பார்கள்: அடியில் ஒரு கனமான நங்கூரம் (பழைய ரயில் சக்கரங்களைக் கட்டி இறக்குவது இன்றும் வழக்கம்), அதிலிருந்து மேலே நீளும் கம்பி வடம், வடத்தை நிமிர்த்திப் பிடிக்கக் கண்ணாடிக் கோளங்கள் போன்ற மிதவைகள், நடுநடுவே வேகமானிகளும் வெப்பநிலை, உப்புத்தன்மை, அழுத்தம் அளக்கும் கருவிகளும். ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ பேட்டரியில் ஓடி எல்லாவற்றையும் உள்ளேயே பதிந்துகொள்ளும். கப்பல் திரும்பி வந்து கீழே ஒரு ஒலிக்குறி அனுப்பும், நங்கூரத்துக்கு மேலே இருக்கும் கொக்கி அதைக் கேட்டுத் திறந்துகொள்ளும், மிதவைகள் மற்ற எல்லாவற்றையும் மேலே இழுத்து வரும். கொக்கி திறக்காவிட்டால், அல்லது மீன்பிடி வலையில் சிக்கி வடம் அறுந்திருந்தால், பெரும்பாலும் அத்தனை மாதப் பதிவும் போச்சு.

வேகமானியிலும் பிரச்சினை உண்டு. பழைய வகையில் ஒரு சுழலி சுற்றும், நீர் மிக மெதுவாக ஓடினால் அது சுற்றாமல் நின்றுவிடும், ஆழத்தில் பல நாள் அப்படித்தான் ஓடும். இப்போது ஒலியை அனுப்பி, நீரில் மிதக்கும் நுண்துகள்களில் பட்டுத் திரும்பும் அதிர்வெண் மாற்றத்தை வைத்து வேகம் சொல்லும் டாப்ளர் கருவிகள் இருக்கின்றன. ஆனால் ஆழ்கடல் நீர் மிகத் தெளிவு, துகள்கள் குறைவு, அதனால் எதிரொலி பலவீனமாக வரும். அப்புறம், ஓட்டம் பலமாகும்போது வடம் முழுவதும் சாயும், கருவிகள் பல பத்து மீட்டர், சில நேரம் நூறு மீட்டருக்கும் மேல் கீழே இறங்கிவிடும். அழுத்தப் பதிவு இருந்தால்தான் அளவை எந்த ஆழத்தில் எடுத்தது என்றே தெரியும்.

கேள்வி: ஓதத்தால் (கடல் ஏற்றவற்றத்தால்) நீர் முன்னும் பின்னும் போகுமே, அதில் உண்மையான நீரோட்டத்தை எப்படிப் பிரிக்கிறார்கள்?

பதில்: நல்ல கேள்வி. முக்கிய ஓதத்தின் காலம் 12 மணி 25 நிமிடம், ஆழத்திலும் அது உண்டு. அதோடு பூமியின் சுழற்சியால் நீர் வட்டமாக ஆடும் ஆட்டம் ஒன்று இருக்கிறது, 30 பாகை அட்சரேகையில் அதன் காலம் சுமார் 24 மணி நேரம். மணிக்கு ஒருமுறையாவது அளந்திருந்தால் இந்த இரண்டையும் கணக்கில் வடிகட்டி எடுத்துவிடலாம், ஒரு நாள், இரண்டு நாளுக்கு மேல் நீடிக்கும் மாற்றங்கள் மட்டும் மிஞ்சும். மாறாக, பேட்டரியை மிச்சம் பிடிக்க நாளுக்கு ஒரே ஒருமுறை அளந்தீர்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு நாளும் ஓதத்தின் கொஞ்சம் வேறான கட்டத்தைப் பிடிப்பீர்கள், எல்லாவற்றையும் கோர்த்துப் பார்த்தால் 15 நாளுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் ஓர் ஏற்ற இறக்கம் அழகாகத் தெரியும். அது ஓதத்தின் பொய்முகம், அந்த வேகத்தில் கடலில் எதுவுமே ஏறி இறங்கியிருக்காது. எத்தனை முறை அளக்கிறோம் என்பதை முன்கூட்டியே யோசிக்காமல் கருவியை இறக்கினால் பிறகு எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

கேள்வி: இவ்வளவு கஷ்டம் எதற்கு? செயற்கைக்கோள் பார்க்காதா?

பதில்: கடல் மட்டத்தின் உயரத்தை 1992 முதல் நன்றாகப் பார்க்கிறது, அதிலிருந்து மேற்பரப்பு ஓட்டம் கிடைக்கும். ரேடியோ அலை நீருக்குள் போகாது, அதனால் ஆழம் நேரடியாகத் தெரியாது. ஈர்ப்புவிசையை அளக்கும் கிரேஸ் செயற்கைக்கோள்கள் அடித்தள அழுத்த மாற்றத்தை ஓரளவு சொல்கின்றன, ஆனால் பல நூறு கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவில்தான். ஆர்கோ மிதவைகள் பெரிய உதவி: உலகம் முழுக்கச் சுமார் 4,000 இருக்கின்றன, 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்துவிட்டுப் பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வருகின்றன, போன இடத்துக்கும் வந்த இடத்துக்கும் உள்ள தூரத்தை வைத்து அந்த ஆழத்து ஓட்டம் தெரிகிறது. அதற்கும் கீழே இன்னும் மூரிங்தான் கதி.

கேள்வி: அட்லாண்டிக் நீரோட்டம் குறைகிறது என்கிறார்கள், ஒருநாள் நின்றே போகும் என்றும் சொல்கிறார்கள். இது அளந்த செய்தியா, கணினிக் கணக்கா?

பதில்: இரண்டும் கலந்து பேசப்படுவதால்தான் இவ்வளவு குழப்பம். அளந்ததை மட்டும் முதலில் பார்ப்போம்.

2005ல் ஓர் ஆய்வு வந்தது. வட அட்லாண்டிக்கின் குறுக்கே, சுமார் 25 பாகை அட்சரேகையில், 1957, 1981, 1992, 1998, 2004 என்று ஐந்து முறை கப்பல் போய் அளந்ததை ஒப்பிட்டு, மேலே வடக்கும் அடியில் தெற்கும் போகும் அந்தச் சுழற்சி சுமார் 30 சதவீதம் குறைந்திருக்கிறது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் 47 ஆண்டுக்கு ஐந்தே ஐந்து புள்ளிகள்! நல்ல வேளையாக 2004 ஏப்ரலிலேயே 26.5 பாகையில் ராபிட் என்ற நிரந்தர அளவை வரிசை தொடங்கியிருந்தது. அதன் முதல் ஆண்டுப் பதிவு என்ன சொன்னது தெரியுமா? ஒரே ஆண்டுக்குள் ஓட்டம் சுமார் 4 ஸ்வெர்ட்ரப்பில் இருந்து 35 ஸ்வெர்ட்ரப் வரை ஏறி இறங்கியிருக்கிறது. (ஒரு ஸ்வெர்ட்ரப் என்பது வினாடிக்குப் பத்து லட்சம் கன மீட்டர். உலகின் எல்லா ஆறுகளும் சேர்ந்து கடலில் கொட்டுவதே ஒரு ஸ்வெர்ட்ரப்பும் கொஞ்சமும்தான்.) ஐந்து பயணங்களில் கண்ட வித்தியாசம் முழுவதும் இந்த ஓராண்டு ஆட்டத்துக்குள் அடங்கிவிடும். அந்த ஐந்து பயணங்களை நான் குறை சொல்லவில்லை, அன்றைக்கு இருந்த வழி அது ஒன்றே. ஆனால் இடைவிடாத பதிவு எவ்வளவு முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த உதாரணமும் காட்டாது.

ராபிட் செய்யும் விதமும் சொல்லத் தக்கது. 6,000 கிலோமீட்டருக்கும் மேலான அகலம் முழுக்கக் கருவி வைக்க முடியாது. அதனால் முக்கியமாக இரண்டு ஓரங்களிலும் மேலிருந்து கீழ் வரை அடர்த்தியை அளக்கிறார்கள். பூமி சுழல்வதால், இரு ஓரத்துக்கும் இடையிலான அழுத்த வித்தியாசமே நடுவில் ஓடும் மொத்த நீர் எவ்வளவு என்று சொல்லிவிடும், இடையில் இருக்கும் சுழிகள் கணக்கில் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். காற்று தள்ளும் பங்கைத் தனியாகச் சேர்க்கிறார்கள். ஃபுளோரிடா நீரிணையில் ஓடும் பங்கு கடலடி தொலைபேசிக் கம்பியில் இருந்து வருகிறது: உப்புநீர் பூமியின் காந்தப்புலத்தில் ஓடும்போது மின்னழுத்தம் உண்டாகும், அதைக் கம்பியில் படித்துவிடலாம். 1832ல் மைக்கேல் ஃபாரடே தேம்ஸ் ஆற்றில் இதே யோசனையைச் சோதித்துப் பார்த்தார், தெளிவான விடை அவருக்குக் கிடைக்கவில்லை. ஃபுளோரிடாவில் 1982 முதல் பதிவு இருக்கிறது.

இதுவரை வந்த விடை: சராசரி சுமார் 17 ஸ்வெர்ட்ரப். 2009-10 குளிர்காலத்தை ஒட்டி ஓராண்டுக்கும் மேலாகச் சுமார் 30 சதவீதம் சரிந்து பிறகு மீண்டது. எந்தக் கணினி மாதிரியும் அவ்வளவு பெரிய சரிவை எதிர்பார்க்கவில்லை. 2008க்குப் பிறகு அதற்கு முந்தைய ஆண்டுகளை விடக் குறைவாக இருக்கிறது. இந்த நூற்றாண்டில் ஓட்டம் குறையும் என்பது மிகவும் சாத்தியம், ஆனால் 2100க்குள் திடீரென்று நின்றுபோகாது என்பதில் நடுத்தர அளவு நம்பிக்கை உண்டு என்று 2021ல் ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு) அறிக்கை சொன்னது. எதிர்காலத்தைப் பற்றிய இந்த இரண்டு பகுதியும் பெரும்பாலும் கணினிக் கணக்கில் இருந்து வருகின்றன. இருபது ஆண்டு அளவை மட்டும் வைத்து "நிற்கப் போகிறது" என்றோ "கவலையே வேண்டாம்" என்றோ யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: மாறுவது கடலா, கருவியா? அதை எப்படி உறுதி செய்வது?

பதில்: இந்த ஒரு கேள்விக்காகவே ஆய்வாளர்கள் பாதி நேரத்தைச் செலவிடுகிறார்கள். மூரிங்கில் கட்டும் உப்புத்தன்மைக் கருவிகளை இறக்கும் முன்பும் எடுத்த பின்பும், கப்பலில் இருக்கும் துல்லியமான கருவியோடு சேர்த்துக் கடலுக்குள் இறக்கி ஒப்பிடுவார்கள், இடையில் எவ்வளவு விலகியது என்று தெரிந்துவிடும். அடித்தள அழுத்தமானிக்கு இந்த வசதி கிடையாது. அது பல மாதங்களில் தானாகவே நழுவும், கடலின் மெதுவான மாற்றமும் அப்படியே இருக்கும், இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால் சில மாதங்கள் வரையிலான மாற்றங்களுக்கு மட்டும் அதை நம்புவார்கள்.

கருவியில் எந்தக் குறையும் இல்லாமலே பதிவு நழுவலாம். ஃபுளோரிடா கம்பி அப்படித்தான். பூமியின் காந்தப்புலமே மெல்ல மாறுகிறது, அதைச் சரியாகக் கணக்கில் எடுக்காததால் நீரோட்டம் மெதுவாகக் குறைவது போலத் தெரிந்தது. 2024ல் வெளியான ஆய்வு அதைத் திருத்தியது. நாற்பது ஆண்டுகளில் ஃபுளோரிடா ஓட்டத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று வந்தது. ராபிட் காட்டிய மொத்தச் சரிவிலும் ஒரு பகுதி அதோடு குறைந்தது. ஆண்டுதோறும் கப்பலில் போய் நேரடியாக அளந்த பதிவுகள் இல்லாமல் இருந்திருந்தால் இந்தப் பிழையைக் கண்டே பிடித்திருக்க முடியாது.

கேள்வி: எத்தனை ஆண்டு அளந்தால் போதும்?

பதில்: ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் இடத்தில் சராசரி வேகம் வினாடிக்கு 2 சென்டிமீட்டர், ஏற்ற இறக்கம் 5 சென்டிமீட்டர் என்று வையுங்கள், ஆழத்தில் இது சாதாரணம். மணிக்கு ஒரு அளவு என்றால் ஆண்டுக்கு 8,760 எண்கள் கிடைக்கும், ஆனால் ஒரு சுழி கடந்து போகவே வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அவை தனித்தனிச் செய்திகள் ஆகாது. 20 நாளுக்கு ஒன்று புதிய செய்தி என்று எடுத்தால் ஆண்டுக்குப் பதினெட்டுதான். சராசரியில் பிழை 5ஐ 18ன் வர்க்கமூலத்தால் வகுத்தது, அதாவது சுமார் 1.2 சென்டிமீட்டர். இரண்டில் ஒன்றுக்கு மேல் பிழை! பிழையை அரை சென்டிமீட்டருக்குக் கொண்டுவர 100 தனிச்செய்திகள் வேண்டும், ஐந்தரை ஆண்டு. இது சராசரிக்கு மட்டும். சராசரியே மெல்ல நகர்கிறதா என்று கேட்டால் பத்தாண்டுகள் தேவை. பத்து இடத்தில் ஒவ்வோராண்டு அளப்பதா, ஒரே இடத்தில் பத்தாண்டு அளப்பதா என்றால், காலத்தோடு வரும் மாற்றத்துக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். மூன்றாண்டுத் திட்டம், நான்காண்டுத் திட்டம் என்று பணம் ஒதுக்கிப் பாதியில் நிறுத்துவது மனதை வருத்துகிறது, இடைவெளி விழுந்த ஆண்டுகளைப் பிறகு எந்தப் பணமும் மீட்டுத் தராது.

கேள்வி: கருவிகள் வருவதற்கு முந்தைய காலத்தை அறிய வழியே இல்லையா?

பதில்: உண்டு, தோராயமாக. கடலடி வண்டலில் 10 முதல் 63 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள துகள்களின் சராசரி அளவைப் பார்க்கிறார்கள். ஓட்டம் பலமாக இருந்த காலத்தில் நுண்ணிய துகள் அடித்துச் செல்லப்பட்டுச் சற்றுப் பெரிய துகள் தங்கும். புழுக்களும் பிற உயிர்களும் வண்டலைக் கிளறிவிடுவதால் ஆண்டுவாரியாகப் பிரிக்க முடியாது, நூற்றாண்டு, ஆயிரமாண்டு மாற்றங்களுக்கு உதவும்.

கேள்வி: கல்லூரி மாணவி நான். இந்தப் பதிவுகளை நானே பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக. ராபிட், ஆர்கோ இரண்டின் தரவும் இணையத்தில் இலவசம். ராபிட்டில் தொடங்குங்கள், 12 மணி நேரத்துக்கு ஒரு எண் இருக்கும். முதலில் 2004 முதல் 2012 வரை மட்டும் எடுத்து ஒரு நேர்கோடு பொருத்துங்கள், அடுத்து முழுப் பதிவுக்கும் பொருத்துங்கள், இரண்டு கோட்டின் சாய்வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் 2009-10ஐ மட்டும் நீக்கிவிட்டு மறுபடி பொருத்துங்கள். என்ன வந்தது என்று எழுதி அனுப்பினால் இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறோம்.