பதில்: மிஸ்ட் தீவில் சிவப்பா, நீலமா?

‘மிஸ்ட்’ கணினி விளையாட்டில் நாலு உலகமும் சுற்றிவிட்டு, கடைசிப் பக்கத்தைச் சிவப்புப் புத்தகத்தில் அடைபட்டிருக்கும் சிரஸிடம் கொடுப்பதா, நீலப் புத்தகத்தில் அடைபட்டிருக்கும் அவன் சகோதரன் அக்கெனாரிடம் கொடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருவரிடமும் கொடுக்காதீர்கள்! கொடுத்தால் அந்தப் புத்தகத்துக்குள் நீங்கள்தான் சிக்குவீர்கள்.

1993-லேயே இப்படிக் குழப்பிய விளையாட்டு இது. அண்ணன் தம்பி பேச்சை விடுங்கள், அந்த உலகங்களில் அவர்கள் வைத்திருந்த அறைகளைப் பாருங்கள். அக்கெனார் அறையில் சித்திரவதைக் கருவிகள், சிரஸ் அறையில் ஆடம்பரப் பொருட்கள். நூலகத்தில் புத்தகங்கள் ஏன் எரிந்து கிடக்கின்றன என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

சானல்வுட், ஸ்டோன்ஷிப் உலகங்களில் கிழிந்த சீட்டின் இரண்டு பாதிகள் கிடைத்திருக்குமே? அதில் சொன்னபடி தீவில் ஆங்காங்கே நிற்கும் எல்லா மார்க்கர் (இடக்குறி) சுவிட்சுகளையும் போட்டுவிட்டு, கடைசியாகப் படகுத்துறையில் இருப்பதை மட்டும் அணையுங்கள். வெள்ளைப் பக்கம் கிடைக்கும். அது கையில் இல்லாமல் பச்சைப் புத்தகம் வழியே அந்தச் சகோதரர்களின் அப்பா அட்ரஸிடம் போய்விடாதீர்கள், திரும்ப வழியே இருக்காது. (நான் போய் மாட்டினேன்.)