வழக்கமாக 400 யூனிட், இந்த முறை 1,640: முழுசாகக் கட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: நானும் மகளும் கீழ் வீட்டில் இருக்கிறோம். மாடியில் ஒரு குடித்தனம், அவர்களுக்குத் தனி மீட்டர். எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 400 யூனிட், 1,200 ரூபாய்க்குள்தான் வரும். இந்த முறை 1,640 யூனிட், 14,000 ரூபாய்க்கு மேல். ஏசி கிடையாது, புதிதாக எதுவும் வாங்கவில்லை. அலுவலகத்தில் கேட்டால், "முதல்ல முழுசா கட்டுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். மின் இணைப்பு காலமான என் மாமனார் பெயரில் இருக்கிறது. நான் புகார் கொடுக்க முடியுமா?

பதில்: முழுத் தொகையையும் கட்டினால்தான் புகாரைக் கேட்போம் என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை. 2003 மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவைப் பாருங்கள். பில் கட்டவில்லை என்று இணைப்பைத் துண்டிக்க வேண்டுமானால், முழுதாக 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும். அதோடு, கேட்கும் தொகை, அல்லது கடந்த 6 மாதம் நீங்கள் கட்டிய கட்டணத்தின் சராசரி, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் செலுத்திவிட்டால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. உங்கள் விஷயத்தில் அது 1,200 ரூபாய்க்குள் அடங்கிவிடும். பலர் இது தெரியாமல் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். சிலர் கோபத்தில் ஒரு ரூபாயும் கட்டாமல் இருந்து, ஃபியூஸைப் பிடுங்கிய பிறகு ஓடி வருகிறார்கள். இரண்டும் வேண்டாம்.

கடைசித் தேதிக்கு முன்பே உதவிப் பொறியாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மின் இணைப்பு எண், கடந்த மூன்று பில்களின் யூனிட், இப்போதைய யூனிட், "56-ஆம் பிரிவின்படி சராசரித் தொகையை ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், மீட்டரைச் சோதிக்கக் கோருகிறேன்" என்ற வரி, இவ்வளவு போதும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் கடிதத்தையும் டிடியையும் (வங்கி வரைவோலை) பதிவு வசதியோடும் சேர்ப்பித்ததற்கான சான்றோடும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பின்னால் குறைதீர் மன்றத்துக்குப் போக நேர்ந்தால், வாய்மொழியாகச் சொன்ன புகாருக்கு அங்கே மதிப்பே இல்லை.

மீட்டரைச் சோதிக்கக் கேட்பது உங்கள் உரிமை. மின் நுகர்வோர் உரிமை விதிகள் 2020-ல் வந்தன. பில்லில் வரும் யூனிட்டுக்கும் உண்மையான உபயோகத்துக்கும் பொருத்தமில்லை என்று நுகர்வோர் புகார் கொடுத்தால், 5 நாளுக்குள் கூடுதலாக ஒரு மீட்டரைப் பொருத்தி, குறைந்தது 3 மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று 2024-ல் அவற்றைத் திருத்தினார்கள். இதைக் கடிதத்திலேயே கேளுங்கள். மீட்டர் பழுது என்று தெரிந்தால், தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பின்படி முந்தைய 4 மாதச் சராசரியை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

ஆனால் மீட்டர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கூடுதலாக வந்திருப்பது 1,240 யூனிட். 60 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 20 யூனிட்டுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 860 வாட் இரவு பகலாக ஓடியிருக்க வேண்டும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் நிற்காமல் ஓடினால் ஏறக்குறைய இந்த அளவு வரும். தொட்டி நிறைந்தால் தானாக நிற்கும் மோட்டார் என்றால் அதை முதலில் பாருங்கள். அடுத்து, மீட்டரில் இன்று தெரியும் எண்ணையும் பில்லில் உள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். பில்லில் உள்ளது பெரிதாக இருந்தால் ரீடிங் எடுத்ததில்தான் தவறு. போட்டோ எடுத்துக் கொடுத்தால் விஷயம் முடிந்தது.

பிறகு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறதா பாருங்கள். சிமிட்டினால், உங்கள் வீட்டில் எதுவும் ஓடாதபோதும் யூனிட் ஏறுகிறது என்று அர்த்தம். மாடியில் குடித்தனம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். இப்போதைய மீட்டர்கள் பல, ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலும் ஓடும் கரண்டை அளந்து, எது அதிகமோ அதையே கணக்கில் எடுக்கும். வயரிங் வேலையின்போது மாடி வீட்டு நியூட்ரலை உங்கள் நியூட்ரலோடு சேர்த்துவிட்டால், அவர்கள் ஓட்டும் ஏசி உங்கள் கணக்கில் ஏறும். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து வீட்டுப் பக்க வயரிங்கை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டரின் சீலைத் தொட விடாதீர்கள். சீல் உடைந்திருந்தால் இது பில் தகராறாக இருக்காது. 126-ஆம் பிரிவின்படி இரு மடங்கு கட்டணம், 135-ஆம் பிரிவின்படி திருட்டு வழக்கு என்று போய்விடும்.

500 யூனிட்டைத் தாண்டுவதும் தொகையைக் கூட்டும். 2022 செப்டம்பர் கட்டண ஆணையில் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு 2.25 ரூபாய், மொத்தம் 500-ஐத் தாண்டினால் அதே யூனிட்டுக்கு 4.50 என்று இருந்தது. எனவே முன்பு கதவு பூட்டியிருந்ததால் ரீடிங் எடுக்காமல் சேர்ந்துபோன யூனிட் என்று அலுவலகத்தில் சொன்னால், அந்தந்தப் பில் காலத்துக்குப் பிரித்துக் கணக்கிடும்படி எழுதிக் கேளுங்கள்.

அலுவலகம் அசையவில்லை என்றால், ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் உள்ள மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போகலாம். அங்கும் திருப்தி இல்லையென்றால் சென்னையில் மின்குறைதீர்ப்பாளர் இருக்கிறார். மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு அங்கே கட்டணம் இல்லை. ஆனால் 126-ஆம் பிரிவு மதிப்பீட்டை ஆணையம் விசாரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொல்லிவிட்டது. சீல் விஷயத்தில் நான் எச்சரித்ததற்கு இதுவும் ஒரு காரணம். தவறு உங்கள் வீட்டு வயரிங்கில்தான் என்று தெரிந்தால், தொகையை நீங்கள்தான் கட்ட வேண்டிவரும். தவணை கேட்டு மனு கொடுங்கள்.

மாமனார் பெயரில் இணைப்பு இருப்பது தடையில்லை. யாருடைய கட்டடம் மின் இணைப்பில் இருக்கிறதோ அவரும் நுகர்வோர்தான் என்கிறது சட்டத்தின் 2(15) பிரிவு. புகாரில் "குடியிருப்பவர்" என்று குறிப்பிட்டு உங்கள் பெயரிலேயே கையெழுத்திடுங்கள். வாரிசுச் சான்றிதழை வைத்துப் பெயர் மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். புகாரை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.