ஓதம் ஏறி இறங்கும் துறைமுகத்தில் முதல் படகுப் பயணம்: கேள்வி பதில்

ஏரியிலும் அணைநீரிலும் சிறு மோட்டார் படகு ஓட்டிப் பழகியவர்கள், முதன்முறையாகக் கடலோதம் (கடல் நீர்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவது) உள்ள துறைமுகத்துக்குள் இறங்குவதற்கு முன் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். ஐந்து முதல் ஏழு மீட்டர் வரை நீளமும் அவுட்போர்டு இன்ஜினும் கொண்ட திறந்த படகை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, ஏரியில் பல ஆண்டுகளாகப் படகு ஓட்டுகிறேன். துறைமுகத்தில் எனக்கு எது புதிதாக இருக்கும்?

இரண்டு விஷயங்கள் புதிதாக இருக்கும். ஏரியில் நீங்கள் ஓடும் நீர் நின்ற இடத்தில் நிற்கிறது. துறைமுகத்தில் அந்த நீரே உங்களைச் சுமந்துகொண்டு நகர்கிறது. உங்கள் படகு ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல்மைல்) வேகத்தில் செல்வதாகவும், நீரோட்டம் மூன்று நாட் வேகத்தில் ஓடுவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். நீரோட்டத்தோடு போகும்போது கரையைப் பொறுத்து எட்டு நாட் வேகம் கிடைக்கும். எதிர்த்துத் திரும்பும்போது இரண்டு நாட் மட்டுமே மிஞ்சும். அரை மணியில் போன தூரத்தைத் திரும்பிக் கடக்க இரண்டு மணி நேரம் ஆகும். எரிபொருள், பகல் வெளிச்சம், உடன் வருபவர்களின் பொறுமை ஆகிய மூன்றையும் இந்தக் கணக்கைக் கொண்டுதான் திட்டமிட வேண்டும்.

இரண்டாவது, காலையில் படகு தாராளமாக மிதந்த இடத்தில் மாலையில் சேறு தெரியலாம். ஆகவே வரைபடத்தை எடுப்பதற்கு முன்பே அன்றைய ஓத அட்டவணையை எடுத்துப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

கேள்வி: முதல் பயணத்துக்கு எந்த நாளும் எந்த நேரமும் நல்லது?

எல்லாக் கேள்விகளிலும் இதையே முதன்மையானதாகக் கருதுகிறேன். பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு நாளில் இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் உண்டு. ஓர் உச்ச ஏற்றத்துக்கும் அடுத்த உச்ச ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்வதால், ஓத நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. சென்ற வாரம் நண்பர் போன நேரத்திலேயே இந்த வாரம் நீங்களும் போவது பொருளற்றது.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் கழித்து ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாக இருக்கும். நீரோட்டமும் அப்போதுதான் வேகமாக ஓடும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில், அதாவது நிலவு பாதியாகத் தெரியும் நாட்களில், ஏற்ற இறக்கம் சிறுத்து நீரோட்டமும் தணிந்திருக்கும். முதல் பயணத்தை அத்தகைய நாட்களிலேயே வையுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, உச்ச ஏற்றத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பாகப் புறப்பட்டு, உச்ச ஏற்றத்தை ஒட்டித் துறைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்போது நீர் கடலிலிருந்து உள்நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் வெளிமுகமாக, அதாவது நீரோட்டத்தை எதிர்த்துச் செல்வீர்கள். வழியில் இன்ஜின் நின்றாலும் நீரோட்டம் உங்களைக் கடலுக்கு இழுத்துச் செல்லாமல் துறைமுகத்துக்குள்ளேயே கொண்டுவரும். மணல்திட்டில் தட்டினாலும் ஏறிவரும் நீர் சிறிது நேரத்தில் படகைத் தூக்கிவிடும். வற்றும் நீரில் புறப்படுபவருக்கு இந்த இரண்டு பாதுகாப்பும் இல்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நீர்மட்டம் உச்சத்தைத் தொடும் நொடியிலேயே நீரோட்டமும் நின்று திரும்பும் என்று எண்ணிவிடாதீர்கள். துறைமுகத்தின் அமைப்பைப் பொறுத்து, மட்டம் இறங்கத் தொடங்கிய பிறகும் நீர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கலாம். முன்கூட்டியே திரும்பவும் செய்யலாம். மட்டத்துக்கு ஓர் அட்டவணையும் நீரோட்டத்துக்கு வேறொரு தகவலும் இருப்பது அதனால்தான். அந்தத் துறைமுகத்தில் நெடுநாள் படகு ஓட்டியவரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது எந்த அட்டவணையையும்விடப் பயனுள்ளது.

கேள்வி: அட்டவணையில் இருக்கும் எண்ணைக் கொண்டு ஆழத்தை எப்படிக் கணக்கிடுவது? கடல் வரைபடத்திலேயே ஆழம் போட்டிருக்கிறதே?

வரைபடத்தில் உள்ள ஆழம், நீர் இயல்பாக இறங்கக்கூடிய மிகத் தாழ்ந்த மட்டத்தை ஒட்டி அளக்கப்பட்டது. அந்த எண்ணோடு அந்த நேரத்து ஓத உயரத்தைக் கூட்டினால் உண்மையான ஆழம் கிடைக்கும். சில எண்களுக்குக் கீழே கோடு இழுக்கப்பட்டிருக்கும். அவை வற்றும்போது வெளியே தெரியும் திட்டின் உயரத்தைக் குறிப்பவை. அவற்றை ஓத உயரத்திலிருந்து கழிக்க வேண்டும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கூட்டிவிடுபவர்கள் ஏராளம்.

இடைப்பட்ட நேரத்து உயரத்துக்குப் பன்னிரண்டில் பங்கு என்ற பழைய கணக்கு உதவும். ஏற்றம் சுமார் ஆறு மணி நேரம் நீடிக்கும். மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, ஐந்தில் இரண்டு, ஆறில் ஒன்று என நீர் ஏறும்.

காலை 6 மணிக்குத் தாழ்மட்டம் 0.6 மீட்டர், நண்பகல் 12.12-க்கு உச்சம் 4.2 மீட்டர் என்று கொள்வோம். மொத்த ஏற்றம் 3.6 மீட்டர், ஒரு பங்கு 0.3 மீட்டர். நீங்கள் கடக்க வேண்டிய திட்டு வரைபடத்தில் 1.2 மீட்டர் வெளியே தெரிவதாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. இன்ஜினை முழுவதும் இறக்கிய நிலையில் உங்கள் படகுக்கு 0.7 மீட்டர் நீர் வேண்டும், பாதுகாப்புக்கு 0.5 மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக ஓத உயரம் 2.4 மீட்டராக இருக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் ஆறு பங்கு, அதாவது 1.8 மீட்டர் ஏறியிருக்கும்; 0.6-உடன் கூட்டினால் சரியாக 2.4. எனவே 9 மணி தாண்டியதும் கடக்கலாம். அதற்கு முன் கூடாது.

இது தோராயக் கணக்கே. வளைந்து நெளிந்த கழிமுகங்களிலும், ஏற்றம் குறுகியும் வற்றம் நீண்டும் இருக்கும் துறைகளிலும் இது பொருந்தாது. காற்றழுத்தமும் மட்டத்தை மாற்றும்: வழக்கத்தைவிட ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் கூடினால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தாழும். அட்டவணையின் நேரம் எந்த நேர மண்டலத்தில் அச்சிடப்பட்டுள்ளது என்பதையும் பாருங்கள். கோடைக்கால நேரமாற்றம் உள்ள நாடுகளில் ஒரு மணி நேரப் பிழை இங்கேதான் நுழைகிறது.

கேள்வி: முகத்துவாரத்தில் அலை எழும்புகிறது என்கிறார்கள். காற்று குறைவான நாளிலும் அப்படி நடக்குமா?

நடக்கும். கடலிலிருந்து அலை உள்நோக்கி வரும்போது, வற்றும் நீர் அதை எதிர்த்து வெளியே பாய்ந்தால் அலை நெருங்கிச் செங்குத்தாக எழுந்து உடையும். ஏற்றத்தின்போது அலையும் நீரும் ஒரே திசையில் செல்வதால் அதே இடம் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக அமைந்தாலும் இதே விளைவுதான். வெளியிலிருந்து முகத்துவாரத்தைப் பார்ப்பவருக்கு அலையின் முதுகு மட்டுமே தெரியும், உடையும் முகம் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். முதல் பயணத்தில் அலைதடுப்புச் சுவரைத் தாண்டவே வேண்டாம். துறைமுகத்துக்கு உள்ளேயே கற்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

கேள்வி: சிவப்பு மிதவை எந்தப் பக்கம், பச்சை எந்தப் பக்கம்?

உலகில் இரண்டு முறைகள் உள்ளன. அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகிய பகுதிகளில், கடலிலிருந்து உள்ளே வரும்போது சிவப்பு வலப்பக்கமும் பச்சை இடப்பக்கமும் இருக்க வேண்டும். உலகின் மற்ற பகுதிகளில் உள்ளே வரும்போது சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். வெளியே செல்லும்போது இரண்டும் பக்கம் மாறும்.

மிதவை இன்னொன்றையும் காட்டும். நீரோட்டத்தில் அது சாய்ந்து நிற்கும். அதன் ஒரு பக்கம் நீர் முட்டி, மறுபக்கம் வால்போல நீண்டு ஓடும். அந்த வால் நீளும் திசையே நீர் ஓடும் திசை. மிதவையின் அருகே செல்லும்போது அதன் கீழ்நீர்ப் பக்கமாகவே, அதாவது வால் நீளும் பக்கமாகவே, கடந்து செல்லுங்கள். மேல்நீர்ப் பக்கம் சென்றால் படகு அதன்மீது தள்ளப்படலாம்.

கேள்வி: பெரிய கப்பல்களிடம் எப்படி நடந்துகொள்வது? மோட்டார் படகுகளில் வலப்பக்கத்திலிருந்து வருவதற்கே முன்னுரிமை என்று படித்திருக்கிறேன்.

திறந்த நீரில் அந்த விதி சரி. ஆனால் 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டு மோதல் தடுப்பு விதிகளின்படி, குறுகிய வாய்க்காலுக்குள் மட்டுமே பாதுகாப்பாகச் செல்லக்கூடிய கலத்துக்கு 20 மீட்டருக்குக் குறைந்த நீளமுள்ள படகு இடையூறு செய்யக்கூடாது. எனவே கப்பல் வழியில் உங்களுக்கு முன்னுரிமை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாய்க்காலின் வலப்பக்க ஓரத்தை ஒட்டிச் செல்லுங்கள். ஆழம் போதுமானால் மிதவைகளுக்கு வெளியே செல்வது இன்னும் நல்லது. குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்கோணத்தில் விரைந்து கடந்துவிடுங்கள்.

கப்பலின் மேல்தளத்தில் நிற்பவருக்கு, அணியத்துக்கு (கலத்தின் முன்முனைக்கு) முன்னால் உள்ள நீர்ப்பரப்பு ஓரளவு மறைந்தே இருக்கும். அந்த மறைவு கப்பலின் நீளத்தைப்போல் இருமடங்கு அல்லது 500 மீட்டர், இவற்றில் குறைவானதைத் தாண்டக்கூடாது என்பது பன்னாட்டு விதி. அந்த அளவு வரை மறையலாம் என்பதும் அதற்குப் பொருள். பத்து நாட் வேகத்தில் வரும் கப்பல் ஒரு கடல்மைலை ஆறு நிமிடத்தில் கடந்துவிடும். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட குறுகிய ஒலிகள் கேட்டால், உங்கள் நோக்கம் புரியவில்லை என்று கப்பல் சொல்கிறது; உடனே, ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக விலகுங்கள்.

வி.எச்.எஃப். வானொலியில் 16-ஆம் அலைவரிசை அவசர அழைப்புக்கு உரியது. அதோடு துறைமுகம் பயன்படுத்தும் அலைவரிசையையும் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு அதில் காதை வைத்திருந்தால், எந்தக் கப்பல் எப்போது நகரப்போகிறது என்பது முன்கூட்டியே தெரியும்.

கேள்வி: நடுவழியில் இன்ஜின் நின்றுவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

நங்கூரத்தைப் போட வேண்டும். மூடியைத் திறந்து இன்ஜினை ஆராய்வது அதற்குப் பிறகுதான். மூன்று நாட் நீரோட்டத்தில் நீங்கள் ஐந்து நிமிடம் குனிந்திருந்தால் படகு 450 மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். அந்த வழியில் பாலத்தின் தூணோ கட்டி நிற்கும் கப்பலோ இருக்கக்கூடும். கப்பல் வழியில் இருந்தால் மட்டும், முடிந்தவரை துடுப்பைக் கொண்டு ஓரத்துக்கு வந்த பிறகு நங்கூரமிடுங்கள். முடியாவிட்டால் அங்கேயே போட்டுவிட்டு வானொலியில் தெரிவியுங்கள். ஆகவே நங்கூரம் அணியத்தில் கயிற்றோடு பிணைக்கப்பட்டு, ஒரே அசைவில் இறக்கும்படி இருக்க வேண்டும். கயிற்றின் மறுமுனையும் படகோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். உச்ச ஏற்றத்தின் ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிற்றை விட்டால்தான் நங்கூரம் பிடிக்கும்.

கேள்வி: மணலில் தட்டிவிட்டால்?

நீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்பதே முதலில் தெரிய வேண்டியது. ஏறினால் இன்ஜினைத் தூக்கிவிட்டு, படகு மேலும் உள்ளே தள்ளப்படாமல் நங்கூரமிட்டுக் காத்திருங்கள். வற்றினால் ஒரு நிமிடத்தையும் வீணாக்க முடியாது: நான்கு மீட்டர் ஏற்ற இறக்கம் உள்ள இடத்தில் வற்றத்தின் நடுவே பத்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் நீர் இறங்கிவிடும். எடையைப் பின்பக்கத்திலிருந்து முன்னே மாற்றி, துடுப்பால் வந்த வழியே தள்ளுங்கள். இன்ஜினைப் பின்னோக்கி முடுக்கினால் மணலை உறிஞ்சிக் குளிர்நீர் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) வழி அடைபடலாம். சேற்றுத் திட்டில் எக்காரணத்தைக் கொண்டும் இறங்கி நடக்காதீர்கள்.

கேள்வி: பத்து வயது மகளையும் முதல் நாளே அழைத்துச் செல்ல ஆசைப்படுகிறேன்.

ஆசை புரிகிறது, ஆனாலும் முதல் நாள் வேண்டாம். அன்று உங்கள் கவனம் முழுவதும் நீரிலும் மிதவைகளிலும் இருக்கும். உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் படகை நிறுத்தவும் வானொலியில் பேசவும் தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். இரண்டாம், மூன்றாம் பயணத்தில் அவள் அளவுக்கு ஏற்ற, கால்களுக்கு இடையே பட்டையுள்ள உயிர்காப்பு உடுப்போடு மகளை அழைத்து வாருங்கள். ஓட்டுபவர் இன்ஜின் நிறுத்தும் கயிற்றைக் காலில் மாட்டியிருப்பது எல்லாப் பயணங்களுக்கும் பொருந்தும். ஓட்டுபவர் விழுந்தபின் வட்டமிடும் படகு நீரில் இருப்பவரையே தாக்கக்கூடும்.

கேள்வி: எவ்வளவு எரிபொருள் வேண்டும்?

போவதற்கு மூன்றில் ஒரு பங்கு, திரும்புவதற்கு ஒரு பங்கு, கையிருப்பாக ஒரு பங்கு.

கேள்வி: படகுத்துறையில் கட்டுவதற்கு ஏதேனும் வேறு முறை உண்டா?

எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்தே துறையை அணுகுங்கள். அப்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே படகு கரையைப் பொறுத்து ஏறக்குறைய நின்றுவிடும். சுக்கானும் கட்டுக்குள் இருக்கும். நீரோட்டத்தோடு சேர்ந்து அணுகுபவரால் படகை நிறுத்துவதே கடினம்.

மிதக்கும் துறையானால் அது நீரோடு சேர்ந்து இறங்கும். கல்லால் கட்டிய துறையில் உச்ச ஏற்றத்தின்போது கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனால், வற்றத்தில் படகு கயிற்றில் தொங்கும் அல்லது ஒரு பக்கமாகக் கவிழும். முன்கயிற்றையும் பின்கயிற்றையும் ஓத ஏற்ற இறக்கத்தைப்போல் மூன்று மடங்கு நீளமாக, தொலைவில் உள்ள கட்டைகளில் கட்டுங்கள். வற்றியபின் படகு எதன்மேல் அமரும் என்பதையும் முன்பே பார்த்துவையுங்கள்.

கேள்வி: திரும்பி வந்தபின் இன்ஜினுக்கு என்ன செய்ய வேண்டும்?

அன்றே நன்னீரைச் செலுத்தி, உள்ளே தங்கிய உப்பைக் கழுவுங்கள். ஏரிப்படகில் மெக்னீசிய அரிப்புக்கட்டி (இன்ஜின் உலோகத்துக்குப் பதிலாகத் தானே அரிபடும் கட்டி) பொருத்தியிருந்தால், உப்புநீரில் அது விரைவில் கரைந்துவிடும் என்பதால், கடலுக்கு வருமுன் துத்தநாகமோ அலுமினியமோ ஆன கட்டியாக மாற்றிக்கொள்ளுங்கள். குளிர்நீர் வெளியேறும் தாரை ஓட்டும்போது சீராக வந்ததா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். மெலிந்திருந்தால், அடுத்த பயணத்துக்கு முன் உறிஞ்சும் துளையில் பாசியோ சேறோ அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.